வரிசையில் நின்ற கையெழுத்துகள்

நான் ரைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தபோது அந்தக் கந்தோரில் பெண் என்று ஒருத்தியும் இல்லை. யாழ்ப்பாணப் பட்டணத்தில் இருந்த ஓர் அரசாங்க அலுவலகம் அது. என்னுடைய மேசையை எங்கே போடுவது என்பது பெரிய பிரச்சினையாகிவிட்டது. கூடி யோசித்துக் கடைசியில் சீஃப் கிளாக்கின் மேசைக்குப் பக்கத்தில் போட்டார்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்தால் ஒருவரும் வந்து வீண்கதை கதைக்க மாட்டார்கள் என்பது அவர்கள் நினைப்பு. ஆனால் எல்லாரும் கையெழுத்து வைக்கிற வரவு இடாப்பு கிடந்தது அவருடைய மேசையில்தான். அதனால் காலையில் கந்தோரில் உள்ள அத்தனை பேரும் என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுத்தான் தங்கள் கதிரைகளுக்குப் போனார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். வேலைக்கு வருகிற நேரத்தைப் பதிய இயந்திரம் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. பெரிய இடாப்பு ஒன்று, பேனை ஒன்று, சுவரில் மணிக்கூடு, சீஃப் கிளாக்கின் கையில் சிவப்புப் பென்சில். வருகிறவர்கள் வந்த ஒழுங்கில் ஒருவருக்குக் கீழ் ஒருவராகக் கையெழுத்து வைக்க வேண்டும். மணிக்கூடு எட்டரை அடித்ததும் சீஃப் கிளாக் அடிமட்டத்தை வைத்து, கடைசிக் கையெழுத்தின் கீழே கோடு இழுப்பார். கோட்டுக்கு மேலே உள்ளவர் நேரத்துக்கு வந்தவர், கீழே உள்ளவர் பிந்தினவர். மாதத்தில் மூன்று தரம் கீழே இறங்கினால் அரைநாள் லீவு போய்விடும்.

சீஃப் கிளாக் ஐம்பது தாண்டிய மனிதர். வெள்ளை லோங்ஸ், கழுத்தில் கறுத்த ரை, எண்ணெய் வைத்து அழுத்தி வாரிய தலை. அவர் ஆங்கிலத்தில் எழுதும் கடிதத்தை ரைப் பண்ணுவது எனக்குப் பிடிக்கும். ஒரு சொல்லை வெட்டவும் இருக்காது, சேர்க்கவும் இருக்காது. கோடு இழுக்கும்போதும் அப்படித்தான். அந்த முகத்தைப் பார்த்து ஒரு நிமிடம் தாருங்கள் என்று கேட்கும் துணிவு ஒருவருக்கும் இல்லை.

ஒருவரைத் தவிர. அவர் பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் வருகிற கிளாக். தகப்பன் வழியில் எல்லாரும் பாய்க்கப்பலில் கடல் கடந்து வியாபாரம் செய்தவர்கள். இவர் மட்டும் படித்துக் கந்தோரில் ஏறிவிட்டார். பஸ் பட்டணத்துக்கு வந்து சேரும் நேரமும் எங்கள் எட்டரையும் அநேகமாக ஒன்று. பஸ் நிற்க முன்னமே குதித்து, சந்தைக்குள்ளால் ஓடி, விறாந்தையில் வழுக்கி வந்து, சீஃப் கிளாக் அடிமட்டத்தைத் தூக்கும் கணத்தில் பேனையைப் பிடுங்கி ஒரு கிறுக்குக் கிறுக்குவார். அதுதான் அவருடைய கையெழுத்து. கண்ணை மூடித் திறக்குமுன் முடிந்துவிடும். மற்றவர்களுடையதும் அதே சாதிதான். எல்லாம் ஆங்கிலம் என்று பெயர். உண்மையில் அது ஆங்கிலமா, அரபா, மை கொட்டின அடையாளமா என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கூட்டம், ஊர்வலம், கறுப்புக் கொடி என்று ஊர் கொதித்தது. நாங்கள் அரசாங்கச் சம்பளக்காரர், ஆனபடியால் தேத்தண்ணி நேரத்தில் மட்டும் கொதித்தோம். அப்படிக் கொதித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை பருத்தித்துறைக்காரர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் குத்தி வைத்தார்.

"ஐசே, தமிழ் தமிழ் எண்டு தொண்டை கிழியக் கத்திறம். காலமை வந்து என்ன பாஷையிலை கையெழுத்து வைக்கிறம்?"

அவரே பதிலும் சொன்னார்.

"இங்கிலீசிலை! வெள்ளைக்காரன் எப்பவோ கப்பலேறிப் போட்டான். நாங்கள் இன்னும் அவனுக்குக் கையெழுத்து வைச்சுக் குடுக்கிறம். திங்கட்கிழமை தொடக்கம் தமிழிலை வைப்பம். ஆர் ஆர் சம்மதம்?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. கடித்த வடையோடு உயர்ந்த கைகளும் இருந்தன. நானும் உயர்த்தினேன். சீஃப் கிளாக் மட்டும் தன் கோப்பைக்குள் பார்த்தபடி, "யோசிச்சுச் செய்யுங்கோ" என்றார். பென்சனுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை உடுவிலில் எங்கள் வீட்டு மேசையில் இருந்து நான் என் பெயரைத் தமிழில் எழுதிப் பழகினேன். ஊரிலிருந்த பெண்கள் கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்தவள் நான். தமிழ் எழுதத் தெரியாமல் இல்லை. ஆனால் என் பெயரை நான் தமிழில் எழுதி எவ்வளவோ காலம். வெற்றிலை போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த அம்மா எட்டிப் பார்த்தா.

"உதென்ன, மூண்டாம் வகுப்புப் பிள்ளையின்ரை கொப்பி மாதிரிக் கிடக்கு?"

"கையெழுத்தம்மா."

"கையெழுத்தெண்டால் இப்பிடி வடிவா விளங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனா. அந்த ஒரு வசனத்தில் வரப்போகிற ஆபத்து முழுவதும் இருந்தது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

திங்கட்கிழமை ஒருவர்கூட லீவு போடவில்லை. கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வந்திருந்தார்கள். நான் பெண்பிள்ளை என்பதால் என்னை முதல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். எனக்குப் பின்னால் நின்றவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்தார். அப்போதுதான் விளங்கியது, எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை மேசையில் இருந்தவர்கள்தான் என்று. எல்லாரும் முழுப்பெயரோடும் வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெயர்கள் சின்னப் பெயர்கள் அல்ல. ஒருவர் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் பொட்டு வைப்பதுபோல் புள்ளி வைத்தார். இன்னொருவர் தகப்பன் பெயரின் முதலெழுத்தை ஆங்கில எழுத்தின் ஓசைப்படி எழுதுவதா, தமிழ்ப் பெயரின்படி எழுதுவதா என்று நின்று யோசித்தார். வரிசை முழுவதும் அதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. மூன்றாமவர் தன் சொந்தப் பெயரில் வருவது மூன்று சுழி ணகரமா இரண்டு சுழி னகரமா என்று பின்னால் நின்றவரிடம் கேட்டார்.

"நீர் பேர் எழுதிறீரோ, கோலம் போடுறீரோ? கெதியா வையுமன்!"

"பொறும் ஐசே, இன்னும் கொம்பு போடேல்லை."

வரிசை மேசையிலிருந்து கதவுக்கும், கதவிலிருந்து விறாந்தைக்கும் நீண்டது. அதன் வாலில் பருத்தித்துறைக்காரர் வந்து சேர்ந்து மூச்சு வாங்கினார். மணிக்கூடு எட்டரை அடித்தது. சீஃப் கிளாக் எழுந்து, ஒருவர் தன் பெயரின் நடுவில் நிற்கும்போதே, அவருக்கு மேலே கோட்டை இழுத்துவிட்டார். கந்தோரில் பாதிப் பேர் கோட்டுக்குக் கீழே.

"சேர், நான் எட்டேகாலுக்கே வந்திட்டன்!"

"நீர் வந்திட்டீர். கையெழுத்து இன்னும் வரேல்லை" என்றார் சீஃப் கிளாக்.

அன்று பின்னேரம் எல்லாரும் போனபிறகு இடாப்பை அலுமாரியில் வைக்க எடுத்தேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். ஒருவருடைய கையெழுத்தைக் காணவில்லை. அத்தனை பேருக்கும் கோடு கிழித்த மனிதர், இடாப்பின்படி அன்று கந்தோருக்கு வரவே இல்லை.

"சேர், நீங்கள் கையெழுத்து வைக்க மறந்திட்டியள்."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். மேசை லாச்சியைத் திறந்தார், மூடினார்.

"மறக்கேல்லைப் பிள்ளை" என்றார் மெல்ல. "நான் மட்டும் இங்கிலீசிலை வைச்சால் உவையள் என்னைத் துரோகியெண்டுவினம். தமிழிலை வைக்க... எழுதி எத்தினையோ வருஷம். என்ரை கலியாண எழுத்துக்குக்கூட இங்கிலீசிலைதான் வைச்சனான்."

"பேப்பர் வாசிக்கிறியள்தானே, சேர்?"

"வீட்டிலை மனிசி வாசிப்பா. நான் கேப்பன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். அந்த மனிதர் ஒற்றைச் சொல் வெட்டாமல் கடிதம் எழுதுகிறவர் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு தானாகவே போய்விட்டது. பிழையாக ரைப் பண்ணிக் கழித்த தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் அவர் பெயரை நிறுத்தி எழுதிக் கொடுத்தேன். அவருடைய பெயரில் ஒரு லை இருந்தது. அந்தக் காலத்து லை இப்போது அச்சில் பார்ப்பதுபோல இருக்காது. முன்னால் யானைத் தும்பிக்கைபோல ஒரு வளைவு தொங்கும். அந்தத் தும்பிக்கைதான் அவரைப் படாதபாடு படுத்தியது. முதல் நாள் தும்பிக்கை மட்டும் வந்தது, யானையைக் காணவில்லை. அடுத்த நாள் யானை வந்தது, ஆனால் சறுக்கி விழுந்து கிடந்தது. அவர் கோப்புகளுக்கு இடையில் தாளைச் செருகிவைத்து, பெரிய விஷயம் ஒன்றைப் பரிசீலிப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார். ஆராவது வந்தால் என்னைப் பார்த்து, "பிள்ளை, அந்தக் கடிதம் முடிஞ்சுதோ?" என்று அதட்டுவார். எந்தக் கடிதம் என்று நான் கேட்பதில்லை.

அந்தக் கிழமை முடிவதற்குள் ஒருநாள் காலை, எல்லாருக்கும் முன்னால் அவர் பேனையை எடுத்து, மூச்சை அடக்கி, தன் பெயரை முழுதாக எழுதினார். பருத்தித்துறைக்காரர் வரிசையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"சேர், அச்சிலை வார்த்த மாதிரிக் கிடக்கு!"

சீஃப் கிளாக் ரையைச் சரிசெய்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. காது இரண்டும் சிவந்திருந்தன.

ஆனால் வரிசை குறைந்தபாடில்லை. கோட்டுக்குக் கீழே விழுவோர் தொகையும் குறையவில்லை. கடைசியில் கந்தோருக்குத் தலைவரான எங்கள் பெரியவர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த சிங்களவர். குரல் உயர்த்திக் கதைத்ததை நான் கேட்டதில்லை. எங்களோடு ஆங்கிலம்தான். இடாப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு சீஃப் கிளாக்கிடம் கேட்டார், "இவ்வளவு பேர் பிந்துவதற்கு என்ன காரணம்? பஸ்ஸா?"

"இல்லை சேர். பெயர்."

பெரியவர் மறுபடி இடாப்பைப் பார்த்தார். இந்த முறை கிட்டக் குனிந்து பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவரவர் மேசையில் வேலை செய்கிற மாதிரி இருந்தோம். ஒரு ரைப்ரைட்டரும் அடிக்கவில்லை, ஒரு பேனையும் அசையவில்லை. கொழும்புக்கு எழுதுவாரோ, விளக்கம் கேட்பாரோ என்று காதை அந்தப் பக்கம் வைத்திருந்தோம்.

"கையெழுத்து எந்த மொழியில் இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்து விதி எதுவும் இல்லை" என்றார். "ஆள் நேரத்துக்கு வந்தாரா என்பதுதான் எனக்குத் தேவை. அதை எப்படிப் பார்க்கப் போகிறீர்கள் என்பது உங்கள் பாடு." அறைக்குள் போய்விட்டார்.

வழி சொன்னவர் பருத்தித்துறைக்காரர். "எட்டரை அடிக்கேக்கை பியோன் அண்ணை போய் வரிசையின்ரை வாலிலை நிக்கட்டும். அவருக்கு முன்னாலை நிக்கிறவன் நேரத்துக்கு வந்தவன். பின்னாலை நிக்கிறவன் பிந்தினவன். எவ்வளவு நேரமெண்டாலும் ஆறுதலா எழுதலாம்."

சீஃப் கிளாக் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவருக்கு அதில் பிழை பிடிக்க முடியவில்லை. அன்று தொடக்கம் எங்கள் கந்தோரின் சிவப்புக் கோடு ஒரு மனிதர்.

எங்கள் பியோன் குருநகர்க்காரர். கடற்றொழில் செய்த குடும்பம். தோணி இழுத்துப் பழகிய தோள் அவருக்கு. வெள்ளைக் கோட்டின் பொத்தான்கள் எப்போதும் இழுபட்டுக்கொண்டே நிற்கும். இந்தப் புதுப் பதவி கிடைத்தபிறகு அவருடைய நடையே மாறிவிட்டது. எட்டரை அடித்ததும் மாதா கோயில் சுருவத்தைத் தோளில் தூக்கிப்போகிறவர் மாதிரி விறாந்தையால் நடந்து போய், வரிசையின் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு அடி பின்னுக்கு நில்லுங்கோ அண்ணை என்று கெஞ்சினாலும், பீடிக்கட்டை நீட்டினாலும் ஒரே பதில்தான்.

"நான் கோடு. கோடு அசையாது."

இதில் வேடிக்கை என்னவென்றால், கந்தோர் முழுவதும் தமிழுக்கு மாறியபிறகும் ஆங்கிலத்தில் கையெழுத்து வைத்த ஒரே ஆள் அவர்தான். பருத்தித்துறைக்காரர் அதைச் சும்மா விடவில்லை.

"அண்ணை, நீங்களும் தமிழிலை வைக்க வேணும்."

"ஏன்?"

"நாங்கள் எல்லாரும் வைக்கிறம்."

"உங்களுக்கு இங்கிலீசு நிறையத் தெரியும், விட்டாலும் மிச்சமிருக்கும். எனக்கு இந்தக் கையெழுத்து ஒண்டுதான் இங்கிலீசு. ஃபாதர் ஒருத்தரிட்டைக் குட்டு வாங்கிப் பழகினது. உங்கடை போராட்டத்துக்கு அதை நான் தரேலாது."



ஒரு நாள் மழை. பஸ் வழமையைவிடப் பிந்திவிட்டது. மணிக்கூடு எட்டரை அடித்து, பியோன் தன் இடத்துக்கு நடக்கத் தொடங்கியபோது பருத்தித்துறைக்காரர் வாசல் படலையில் தெரிந்தார். குடையைச் சுருக்கவும் நேரமில்லை, விரித்தபடியே ஓடிவந்தார். வரிசையில் நின்றவர்கள், "ஓடும் ஐசே, ஓடும்!" என்று கத்தினார்கள். பியோன் நடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. போய்த் தன் இடத்தில் நின்றுவிட்டார். ஈர விறாந்தையில் காலை வைத்ததும் பருத்தித்துறைக்காரர் வழுக்கினார். குடை ஒரு பக்கம் போயிற்று. கால் செருப்பு ஒன்று கழன்று பறந்து, பியோனைத் தாண்டி, வரிசையில் கடைசியாக நின்றவரின் காலடியில் போய் விழுந்தது. ஆள் பியோனின் முதுகில் முட்டிக்கொண்டு நின்றார். தூணில் மோதினது போல.

"நான் வந்திட்டன்!"

"சேரின்ரை செருப்பு முன்னுக்கு" என்றார் பியோன் திரும்பாமலே. "சேர் பின்னுக்கு."

வழக்கு சீஃப் கிளாக்கிடம் போனது. அவர் மேசையை விட்டு எழுந்து வந்து, செருப்பையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"செருப்புக்கு வரவு போடலாம்" என்றார். "உமக்கு ஏலாது."

சிரிப்புச் சத்தம் பெரியவரின் அறைக்குள்ளும் கேட்டிருக்கவேண்டும். கதவு கொஞ்சம் திறந்து, மூடியது.

அதன் பிறகு ஒரு புதுமை நடந்தது. வரிசை எங்களுக்குப் பிடித்துப்போனது. ஊர்ப்புதினம், கோயில் திருவிழா, ஆருக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் அவிழ்ந்தது. அதைத் தவறவிடக் கூடாதென்றே ஆட்கள் நேரத்தோடு வரத் தொடங்கினார்கள். பருத்தித்துறைக்காரர்கூட முந்தின பஸ்ஸைப் பிடித்தார். பியோன் எட்டரைக்குப் போய் நின்றால் அநேக நாட்களில் அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள் கடிதங்களில் கையெழுத்து வாங்கப் பெரியவரின் அறைக்குள் போனேன். கதவில் தட்டினேன்தான். அவருக்குக் கேட்கவில்லை. மேசையில் கிடந்த மை ஒற்றுத்தாள் முழுவதும் வட்டம் வட்டமாகச் சிங்கள எழுத்துகள். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரே சொல் மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்ப வந்தால் அது என்ன சொல் என்று எனக்குத் தெரியும். சீஃப் கிளாக்கின் தாள்களை எத்தனை நாள் பார்த்திருப்பேன்.

அவர் கையால் அதை மூடினார். பிறகு, மூடி என்ன பயன் என்று நினைத்தவர்போல் கையை எடுத்தார்.

"என்னுடைய தாய்மொழிதான்" என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் நான் படித்த பள்ளிக்கூடத்தில் இதில் கதைத்தாலே தண்டம். இப்போது மேலிடம் இதில்தான் கையெழுத்தை எதிர்பார்க்கிறது. எப்படி இருக்கிறது?"

என்ன சொல்வது? "வட்டமாக இருக்கிறது, சேர்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சீஃப் கிளாக் எப்படி இவ்வளவு கெதியாகப் பழகினார்?" என்று கேட்டார்.

எனக்கு முகம் சூடானது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. அந்த மனிதர் கதவிடுக்கால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"கழித்த தாள்களில் எழுதிப் பார்த்தார், சேர்."

"எனக்கும் கொஞ்சம் தாள் தாருங்கள். ஒற்றுத்தாளைக் கண்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது."

அன்றிலிருந்து நான் பிழையாக ரைப் பண்ணிய தாள்களை எறியாமல் சேர்த்து அவருடைய மேசைக்கு அனுப்பினேன். தேத்தண்ணி நேரத்தில் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. எங்களைக் கொதிக்க வைத்த சட்டம் அவரைக் கொப்பி எழுத வைத்திருக்கிறது என்று சொன்னால் சிரித்து உருண்டிருப்பார்கள். நானும் வீட்டுக்குப் போய்த் தனியே சிரித்தேன்தான். ஆனால் அவர் முகம் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை.

மாதங்கள் போகப்போகக் கையெழுத்துகள் தேயத் தொடங்கின. முதலில் புள்ளிகள் விழுந்தன. பிறகு பெயர்களின் நடுப்பகுதி காணாமற்போனது. இரண்டு எழுத்து, ஒரு வளைவு, ஓர் இழுவை. கடைசியில் இடாப்பைத் திறந்தால் அது தமிழென்று எங்களைத் தவிர வேறொருவருக்கும் தெரியாத நிலை. சீஃப் கிளாக் ஒருவர் மட்டும் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்காமல் தும்பிக்கையோடு முழுப்பெயரும் எழுதினார். அவருடையதற்கு எடுக்கிற நேரத்தில் மற்ற எல்லாரும் வைத்து முடித்துவிடலாம்.

வரிசை இல்லாமற் போனது. வரிசை போனதும் நேரத்தோடு வருவதற்குக் காரணமும் போனது. பருத்தித்துறைக்காரர் பழைய பஸ்ஸுக்குத் திரும்பினார். மற்றவர்களும் மெல்ல மெல்ல எட்டரையை ஒட்டி வந்தார்கள், பிறகு எட்டரையைத் தாண்டினார்கள். சீஃப் கிளாக் மறுபடி சிவப்புப் பென்சிலைச் சீவினார்.

பெரியவர் ஒருநாள் இடாப்போடு வெளியே வந்தார். "இடையில் நன்றாக இருந்தது. இப்போது என்ன நடந்தது?"

சீஃப் கிளாக் எழுந்து நின்று, மிக மரியாதையாகச் சொன்னார், "எல்லாருக்கும் இப்போது தங்கள் பெயர் எழுதத் தெரிந்துவிட்டது, சேர்."

பெரியவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அந்தக் கிழமைதான் அவர் கையெழுத்து சிங்களத்தில் வந்த முதல் கடிதத்தை நான் உறையில் இட்டேன். நல்ல கையெழுத்து. அதிலும் நடுப்பகுதியைக் காணவில்லை.

இந்த மாற்றத்தில் மனம் நொந்தவர் பியோன் ஒருவர்தான். "என்னை அழிச்சுப்போட்டுத் திரும்பப் பென்சிலாலை கீறுறார்" என்று என்னிடம் முறைப்பட்டார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. எட்டரை அடித்ததும் விறாந்தைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு சிறிது நேரம் நிற்பார். முன்னாலும் ஒருவரும் இல்லை, பின்னாலும் ஒருவரும் இல்லை. அப்படி நிற்கிறபோது பருத்தித்துறைக்காரர் ஓடிவந்து, நேரே உள்ளே போகாமல், அவருக்குப் பின்னால் வந்து நிற்பார்.

"சேர் பிந்தியிட்டியள்."

"தெரியும் அண்ணை. மூச்சு வாங்கிப்போட்டுப் போறன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார்கள். உள்ளே சீஃப் கிளாக் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அங்கை என்ன கதை?" என்று கேட்கும்வரை.